கடற்பாடு காப்போம்!

(நெய்தல்நிலத்து ஊரொன்றில் நடைபெற்ற தமிழ்மன்ற ஆண்டுவிழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியன் ஒருவன் கடற்கரையூருக்கு வந்தால் நெய்தல் திணையின் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் ஆகியவற்றை எடுத்துரைத்துவிட்டுப் போவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். அவற்றை வகுப்பறையில் முப்பதாண்டுகளாகச் சொல்லி வருகின்றேன். ஆனால் நெய்தலின் கருப்பொருளாகிய மீன் கரைக்கடலிலிருந்து அருகி, அந்நிலத்து மக்களாகிய பரதவரின் வழிவந்தோர் வலையை மடித்து வைத்துவிட்டுப் பிற ஊர்களில் கூலிக்குப் போவார்களாயின், நெய்தல் ஏட்டில் மட்டும் இருந்து என்ன பயன்? ஆகவே இன்று நான் சொல்ல வந்த செய்தி ஒன்றே. கரைக்கடலை ஆளும் உரிமை கரையில் வாழ்வார்க்கு வேண்டும். அவ்வுரிமையைத் தாங்கும் தகுதியை நம் ஊர்மன்றங்கள் எய்த வேண்டும். இவ்விரண்டும் ஒரு கட்டுமரத்தின் இரு மரங்கள். ஒன்றைக் கழற்றினால் மற்றொன்று மிதவாது.

'பாடு' என்னும் சொல்

இச்செய்தியை ஒரு சொல்லிலிருந்து தொடங்குகின்றேன். 'இன்றைக்குப் பாடு எப்படி?' என்று கரையில் நிற்பவர் கேட்கின்றார். மீன்பாடு என்பது வலையில் வீழ்ந்த மீனின் அளவு. 'நாள் முழுதும் பாடுபட்டேன்' என்கின்றோம். அங்கே பாடு உழைப்பு. 'பட்ட பாடு' என்று வருந்துகின்றோம். அங்கே பாடு துன்பம். 'அவரவர் பாடு அவரவர்க்கு' என்கின்றோம். அங்கே பாடு அவரவர் நிலைமை. கூறு, இடம், பக்கம், முறைமை, கடமை, பெருமை ஆகிய பொருள்களும் இச்சொல்லுக்கு அகரமுதலிகளில் உண்டு. எல்லாம் 'படு' என்னும் ஒரே வேரிற் கிளைத்தவை. உடன்பாடு, கட்டுப்பாடு, பண்பாடு என்னும் சொற்களும் அவ்வேரின் கிளைகளே.

கலித்தொகையில் நெய்தற்கலி பாடிய நல்லந்துவனார், பண்பு என்பது எது என்று வரையறுக்கும் இடத்தில் இப் பாடு என்னும் சொல்லையே உலக ஒழுக்கம் என்னும் பொருளில் ஆள்கின்றார். நெய்தற் பாட்டிலே அச்சொல் அப்பொருளில் நிற்பதை மாணவர்கள் கருத்திற் கொள்ள வேண்டும்.

ஏனெனில் நெய்தல் நிலத்து மக்கள் அச்சொல்லைத் தம் தொழிலின் ஆட்சிமுறைக்கே பெயராக்கி வைத்திருக்கின்றனர். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியில் இன்றும் வழங்குவது 'பாட்டுமுறை'. அம்முறை யாதென்று விளக்குகின்றேன்.

பழவேற்காட்டுப் பாட்டுமுறை

பழவேற்காடு கடலொடு முகத்துவாரத்தால் இணைந்த உவர்நீர் ஏரி. இந்திய நாட்டின் இத்தகைய ஏரிகளுள் சிலிக்காவுக்கு அடுத்துப் பெரியது. கடலிற் பிறந்த இறாற்குஞ்சு ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் நீரோட்டத்தோடு கடலை நோக்கிப் போகும். அப்போக்கை அறிந்து, ஓட்டத்தின் குறுக்கே கழி நட்டுச் சுத்துவலை கட்டி இறால் பிடிப்பர். எல்லா இடத்திலும் இறால் ஒரே அளவிற் படாது. ஓட்டம் விசையாக உள்ள சில இடங்களே வளமானவை. அவ்விடங்களுக்கு எல்லாரும் ஒருங்கே ஓடினால் என்ன நேரும்? வலை வலையோடு பின்னும், கழி முறியும், கை கலக்கும், வலியவன் வெல்வான், எளியவன் பட்டினி கிடப்பான்.

இதனைத் தவிர்க்க ஊரார் கண்ட வழியே பாடு. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் தலைக்கட்டுகள் குழுக்களாகப் பிரிந்து, சீட்டுக் குலுக்கி, எந்தக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வகுத்துக் கொள்கின்றனர். இன்று நல்ல இடம் பெற்றவன் நாளை வேறிடம் போவான். இன்று வறிய இடத்தில் நின்றவனுக்கும் வளமான இடம் முறையாக வந்து சேரும். எவ்வகை வலை ஆகும், எது ஆகாது, எத்தனை பேர் இறங்கலாம் என்பனவும் ஊரின் முடிவே. மீறியவனுக்குத் தண்டம் உண்டு. இதற்கு அரசாணை இல்லை, காவலர் இல்லை, பதிவேடும் பெரிதாக இல்லை. சொல்லும் சீட்டுமே போதியனவாக இருந்தன.

இதே சொல் கொச்சிக் கழிமுகத்திலும் வழங்குகின்றது. அங்கு வைப்பின் தீவைச் சூழ்ந்த நீரில் ஊன்றுவலை கட்டுவோர் தம் முறையைப் 'பாடு' என்றே அழைக்கின்றனர். ஈழத்தின் மேற்குக் கரையில் நீர்கொழும்புக் களப்பிலும் கழிவலைக்காரரிடையே இம்முறை உண்டு. மலையாளம் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும் தம் நீர்நிலையை ஆள்வதற்கு இச்சொல்லைக் கைக்கொண்டிருப்பதை எண்ணிப் பாருங்கள். நீர்கொழும்பில் இன்னுமொரு சிறப்பு உண்டு. அங்கு மீனவர் சங்கங்கள் சீட்டுக் குலுக்கி இடம் வகுக்கும் அவ்வழக்கத்தை இலங்கை அரசு 1958-இல் சட்டநெறியாகவே ஏற்றுக்கொண்டது. மக்கள் வகுத்த முறையை அரசு அழிக்காமல் அதற்குக் காப்பாக நிற்கக்கூடும் என்பதற்கு அஃது ஒரு சான்று.

ஊர்மன்றத்தின் ஆட்சி

ஏரிக்குப் பொருந்தும் முறை பரந்த கடலுக்குப் பொருந்துமா என்று வினவலாம். சோழமண்டலக் கரையில் பட்டினவர் ஊர்கள் ஒவ்வொன்றிலும் மன்றம் ஒன்று உண்டு. மக்கள் அதனை 'ஊர்ப்பஞ்சாயத்து' என்பர்; அதில் அமர்வோரை நாட்டார் என்றும் பஞ்சாயத்தார் என்றும் அழைப்பர். பெயரில் வடசொல் கலந்திருந்தாலும் செயல் நம்முடையது. ஒவ்வொரு தலைக்கட்டும் வரி கொடுக்கும். ஊர்ப்பூசலைத் தீர்ப்பதும், திருவிழா எடுப்பதும், கடலில் இறந்தவன் குடும்பத்தைத் தாங்குவதும் அம்மன்றத்தின் பொறுப்பு. ஊருக்கு எதிரே உள்ள கடற்பரப்பில் எந்த வலை இறங்கலாம் என்று முடிவு செய்வதும் அதுவே. புதிதாக ஒரு வலை வந்தால் மன்றம் அதனை மூன்று வகையில் உசாவும். அது மீனினத்தைக் கெடுக்குமா? பிறர் வலையைக் கெடுக்குமா? ஊரின் ஒற்றுமையைக் கெடுக்குமா? கெடுக்குமென்று கண்டால் தடுக்கும். பல ஊர்களுக்குப் பொதுவான சிக்கலாயின் பல ஊர் மன்றங்கள் கூடிப் பேசும்.

ஊரே ஒருப்பட்டுக் கடலை விட்டு நிற்பதும் நம் மரபுக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடல்மேற் செல்லாது, சுறவின் கோட்டை நட்டு வழிபட்டு, மகளிரோடு உண்டு ஆடி மகிழ்ந்த காட்சியைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. அது மீன்வளம் காக்கச் செய்த ஏற்பாடு என்று நான் வலிந்து பொருள்கொள்ளவில்லை. கடலுக்குப் போகாத நாள் இதுவென்று ஓர் ஊர் முழுதும் இசைந்து நின்றது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. அந்த இசைவுதான் ஆட்சியின் வித்து.

ஆளில்லாக் கடல் என்னும் கோட்பாடு

ஆனால் மேலை நாட்டுக் கல்வி நமக்கு வேறொரு பாடம் சொல்லிற்று. 1968-இல் கரெட்டு ஆர்டின் என்னும் அமெரிக்க அறிவியலாளர், பொதுவுடைமையான மேய்ச்சல் நிலம் அழிந்தே தீரும் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொருவனும் தன் மாட்டைக் கூட்டிக்கொண்டே போவான், முடிவில் புல் அற்றுப் போகும் என்பது அவர் கூற்று. ஆகவே அரசு கைக்கொள்ள வேண்டும், இன்றேல் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று இரண்டே வழி காட்டினர் அவர் வழியினர். கடலுக்கும் இதுவே மருந்து என்றனர்.

இக்கூற்றில் ஒரு பிழை உண்டு. ஆளில்லா நிலம் வேறு, ஊருக்குப் பொதுவான நிலம் வேறு. ஊர்ப்பொதுவுக்கு வேலி உண்டு; முறை உண்டு; கேட்பார் உண்டு. இதனைச் சான்றோடு நிறுவியவர் எலினோர் ஆசுட்ரம் என்னும் அம்மையார். 1990-இல் வெளிவந்த தம் நூலில் அவர் எடுத்துக்காட்டிய ஊர்களுள் ஒன்று துருக்கி நாட்டின் அலன்யா. அங்கு ஏறத்தாழ நூறு மீனவர் ஆண்டுதோறும் செபுதம்பரில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கோர் இடம் பெறுவர். சனவரி வரை நாள்தோறும் கிழக்கே ஓரிடம் நகர்வர். அதன்பின் மேற்கே நகர்வர். வலசை போகும் மீனில் எல்லார்க்கும் ஒத்த வாய்ப்பு. பழவேற்காட்டுப் பாட்டுக்கும் இதற்கும் எத்தனை ஒற்றுமை! அவ்வம்மையாருக்கு 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. உலகம் பரிசளித்துப் பாராட்டிய அறிவு நம் குப்பங்களில் எழுதப்படாமல் நடந்துகொண்டிருந்தது. நாமோ அதனைப் 'படிக்காதவர் வழக்கம்' என்று ஒதுக்கினோம்.

நிப்பான் நாட்டார் ஒதுக்கவில்லை. அவர்கள் 1901-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஊர்க்கரைக் கடலின் மீன்பிடி உரிமையை ஊர்ச் சங்கங்களுக்கு உரியதாக்கினர். போருக்குப் பின் 1948, 1949-ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அவை மீனவர் கூட்டுறவு அமைப்புகளாயின. கரையோரச் சிப்பி, பாசி முதலியவற்றுக்கான பொது உரிமை இன்றும் அவற்றினிடமே உள்ளது. பொறியிலும் தொழிலிலும் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடே தன் கடலை ஊரார் கையில் விட்டு வைத்திருக்கின்றது.

முறை குலைந்த கதை

நம் கரையில் முறை எப்படிக் குலைந்தது? 1952-இல் இந்திய அரசு நார்வே நாட்டோடு உடன்பாடு செய்து கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் மீன்பிடித் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. மீனவர் வாழ்வை உயர்த்துவதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. அதன் வழியே விசைப்படகும் இழுவைமடியும் பரவின. அயல்நாட்டுச் சந்தையில் இறாலுக்குப் பொன்விலை கிடைத்தது. அரசு கடனும் மானியமும் தந்து விசைப்படகுகளைப் பெருக்கிற்று. கடலில் இறங்கியறியாத பணக்காரரும் படகு முதலாளிகள் ஆயினர்.

இழுவைமடி என்பது யாது? வாய் விரிந்த பை போன்ற வலை. அதன் இருபுறமும் கனத்த பலகைகள். அடியில் எடை கட்டிய கயிறு. பொறியின் விசையால் அதனைக் கடலடியில் இழுத்துச் செல்வர். இறாலை நாடிப் போகும் மடி, வழியிலுள்ள மீன்குஞ்சு, சினைமீன், நண்டு, பாசி அனைத்தையும் வாரிக்கொண்டு வரும். உணவுக்காகாத பொடிமீன் கோழித்தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போகும். உழவன் தொட்டிலையும் விதைநெல்லையும் சேர்த்து அறுவடை செய்வானா? இழுவைமடி செய்வது அதுவே. அது போகும் வழியில் நாட்டுப்படகுக்காரன் போட்டு வைத்த வலையும் அறுந்து போகும். கடன் வாங்கிக் கட்டிய வலை ஒரே இரவில் கந்தலாகும்.

1970-களின் பிற்பகுதியில் சென்னைக் கரையில் கட்டுமரக்காரருக்கும் விசைப்படகுக்காரருக்கும் பெரும்பூசல் மூண்டது. படகுகள் கொளுத்தப்பட்டன, உயிர்கள் மாய்ந்தன. அதன் பின்னரே தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் விசைப்படகு மீன்பிடித்தல் ஆகாது என்று அது வரைந்தது. நல்ல சட்டமே. ஆனால் அதனைக் காக்கும் பொறுப்பை ஊருக்குக் கொடுக்காமல் அலுவலகத்துக்குக் கொடுத்தது. நூற்றுக்கணக்கான கடற்கரையூர்களின் முன்னே உள்ள நீரை ஒருசில சுற்றுப்படகுகள் காக்க இயலுமா? களவு நடப்பதைக் கண்ணாற் காண்பவன் கரையில் நிற்கின்றான். அவனுக்குக் கேட்கும் உரிமை இல்லை. கேட்கும் உரிமை உடையவரோ காணும் இடத்தில் இல்லை!

இன்று நம் கீழைக்கரையில் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. இரட்டைமடி தடை செய்யப்பட்டதாகச் சட்டம் சொல்கின்றது. சுருக்குமடி வலையை 2000-இல் தமிழ்நாட்டரசு தடுத்தது. 2022-இல் மீண்டும் முழுத்தடை விதித்தது. 2023 சனவரியில் உச்சநயன்மன்றம், 12 கடல்மைலுக்கு அப்பால் கிழமைக்கு இரண்டு நாள் சுருக்குமடிக்கு இடைக்கால இசைவு அளித்தது. இவற்றுள் எது சரி, எது தவறு என்று தீர்ப்புக் கூறுவது இங்கு என் நோக்கமன்று. இத்தனை முடிவுகளிலும் ஊர்மன்றம் எங்கே இருந்தது என்பதே என் வினா. ஊருக்குள் ஒரு சாரார் சுருக்குமடிக்கும் மற்றொரு சாரார் வழிவலைக்குமாகப் பிளவுபட்டு நிற்கின்றனர். அண்டை ஊர்கள் பகைகொண்டு கடலிலே மோதுகின்றன. முன்பு மன்றத்தில் பேசித் தீர்த்ததை இன்று வழக்கறிஞர் பேசுகின்றனர்.

பாக்கு நீரிணையின் பாடம்

இப்போது நம் நெஞ்சைச் சுடும் செய்திக்கு வருகின்றேன். இராமேசுவரம் முதலான பாக்கு நீரிணைக் கரையில் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் நாளைப் பிரித்துக் கொண்டுள்ளன. கிழமையில் திங்கள், அறிவன், காரி ஆகிய மூன்று நாள் விசைப்படகுக்கு. மற்றை நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. பூசலுக்குப் பின் பேசிக் கண்ட உடன்பாடு இது. பாட்டுமுறையின் உயிர் இதிலும் இருக்கின்றது. ஆனால் இம்முறையில் ஒருவர் விடுபட்டுப் போயினர். எதிர்க்கரையில் வாழும் ஈழத் தமிழ் மீனவரே அவர்!

1974-ஆம் ஆண்டு உடன்பாட்டால் நம் மீனவர் கச்சத்தீவை இழந்ததையும், இலங்கைக் கடற்படையின் துப்பாக்கிக்கு நம் மீனவர் பலர் இரையானதையும் நாம் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டோம். மீன்பிடிக்கப் போனவனைச் சுடுவது கொடுமை. அதற்கு எந்நாளும் எதிர்க்குரல் எழுப்புவோம். ஆயினும் உண்மையின் மறுபக்கத்தையும் தமிழன் தமிழனுக்குச் சொல்ல வேண்டும். 1983-இல் தொடங்கிய போர்க்காலத்தில் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்க்குக் கடலே மூடப்பட்டிருந்தது. 2009-இல் போர் முடிந்து, உறவையும் உடைமையையும் இழந்து, கடனில் வாங்கிய சிறு படகோடும் வலையோடும் அவர்கள் கடலில் இறங்கியபோது, அவர்கள் வலையை அறுத்தது எது? நம் கரையிலிருந்து இரவிற் போன இழுவைமடி! தொப்புள்கொடி உறவென்று மேடையிற் பேசுகின்றோம். அவ்வுறவின் உலைப்பானையில் கை வைக்கலாமா?

2010-இல் அக்கரை மீனவர் சார்பாளர் தமிழகம் வந்தனர். அரசுகளுக்கு முன்னே மீனவரும் மீனவரும் அமர்ந்து பேசினர். ஓராண்டுக்குள் இழுவைமடியைக் கைவிடுவதென்றும், அதுவரை நாள் வரையறுத்துப் பிடிப்பதென்றும் இணக்கம் கண்டனர். அவ்விணக்கம் நடைமுறைக்கு வரவில்லை. இலங்கை 2017-இல் அடிமடி இழுவையைச் சட்டத்தால் தடுத்தது. அதே ஆண்டில் இங்கு இழுவைப் படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்றும் திட்டம் தொடங்கிற்று. மூன்றாண்டில் 2,000 படகு என்பது குறிக்கோள். மாறியவை அவ்வளவில் சிறுபகுதியே. இழுவைப் படகில் கூலிக்குப் போகும் ஏழைத் தொழிலாளியை நான் பழிக்கவில்லை. சிறைப்படுவதும் அடிபடுவதும் அவனே. ஊதியம் கொள்வது வேறொருவர். அவனுக்கு மாற்றுத் தொழில் தராமல் தடை மட்டும் விதிப்பதும் அறமன்று. ஆனால் இருகரைத் தமிழரும் ஒரு பாட்டில் அமர்ந்து முறை வகுத்துக்கொள்ளும் நாள் வராமல் பாக்கு நீரிணைக்கு விடிவு இல்லை.

நம் கண்ணிலுள்ள துரும்பு

இனி, கசப்பாயினும் சொல்ல வேண்டியதொன்று உண்டு. ஊருக்கு உரிமை வேண்டும் என்கின்றோம். 'ஊர்' என்பது யார்? நம் ஊர்மன்றங்களில் தலைக்கட்டு என்றால் மணமான ஆடவனே. வலை பின்னுவதில், மீன் பிரிப்பதில், கருவாடு உலர்த்துவதில், கூடை சுமந்து விற்பதில் பாதிப்பாடு படும் பெண்ணுக்கு மன்றத்தில் இருக்கை இல்லை. பழவேற்காட்டுப் பாட்டிலும் பிறப்புரிமை உடைய குலத்தவருக்கே இடம். அவ்வேரியையே நம்பி வாழும் பிறருக்கு இடமில்லை. அதனால் எழுந்த பூசல்கள் இன்னும் அடங்கவில்லை. உடன்பாடு என்னும் சொல்லின் வேரிலிருந்தே பாகுபாடு என்னும் சொல்லும் பிறந்திருக்கின்றது!

2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது நாகைக் கரையில் ஊர்மன்றங்கள் ஆற்றிய பணி பெரிது. அரசு வருமுன் பிணங்களை எடுத்தனர், உணவைப் பகிர்ந்தனர், கணக்கு வைத்தனர். அதே நாள்களில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கும், கணவனை இழந்த பெண்களுக்கும் துயர்துடைப்புப் பொருள்கள் சேராமற் போனமையும் பல இடங்களில் பதிவாகியுள்ளது. ஒரே மன்றம், ஒரே வாரம், இரு முகங்கள். இவற்றுள் எந்த முகத்துக்கு நாம் கடலுரிமை கேட்கப் போகின்றோம்? ஊர்விலக்கும், கேள்வியற்ற தண்டமும், சாதிச் செருக்கும் ஊர்மன்றத்தில் இருக்கும் வரை, 'இவர்களிடம் உரிமையை எப்படிக் கொடுப்பது?' என்று அரசு கேட்பதற்கு நாமே வழிவிட்டவர்கள் ஆவோம்.

வேறு வழியும் உண்டு என்று காட்டியவர் பெண்களே. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986-இல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கு வழிவழியாகக் கடற்பாசி எடுத்து வந்த மகளிர் ஒரே நாளில் 'திருடர்' ஆயினர். அவர்கள் அழுது ஓயவில்லை. கூடிப் பேசினர், தமக்குத் தாமே நெறி வகுத்தனர். திங்களுக்குப் பன்னிரண்டு நாள் மட்டுமே பாசி எடுப்பது, மீன் இனம்பெருகும் தடைக்காலத்தில் கடலில் இறங்காதிருப்பது, பாறையைக் கெடுக்கும் இரும்புக் கருவியைத் தவிர்ப்பது என்று முடிவு செய்தனர். இராமேசுவரத்தை அடுத்த சின்னப்பாலத்தில் அம்மகளிரை ஒன்றுதிரட்டியவருக்கு 2015-இல் பன்னாட்டு விருதொன்று கிடைத்தது. மன்றத்தில் இடம் பெறாதவர்களே மன்றத்துக்குப் பாடம் நடத்தினர்!

செய்யத்தக்கது

உடன்பிறந்தோரே! இந்திய அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 21-ஆம் இனம் மீன்வளம். ஆட்சிக்கடலுக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பே நடுவணரசுப் பட்டியலில் 57-ஆம் இனமாக உள்ளது. ஆகவே கரையிலிருந்து 12 கடல்மைல் வரை மீன்பிடிப்புக்குச் சட்டம் செய்யும் உரிமை தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கே உண்டு. கையிலுள்ள உரிமையையும் பயன்படுத்தாமல் இல்லாத உரிமைக்கு மட்டும் குரல் கொடுப்பது ஆண்மையன்று. காடுவாழ் மக்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தம் ஊர்க்காட்டைக் காக்கவும் ஆளவும் உரிமை தந்திருக்கின்றது. கடல்வாழ் மக்களுக்கு அத்தகைய சட்டம் இல்லை. குறிஞ்சிக்கும் முல்லைக்கும் ஆகுமென்றால் நெய்தலுக்கு ஏன் ஆகாது? உலக உணவு வேளாண்மை அமைப்பு 2014-இல் ஏற்றுக்கொண்ட சிறுமீனவர் வழிகாட்டு நெறிகளும், மரபுவழிக் கடலுரிமையை மதிக்க வேண்டும், பெண்களுக்குச் சமபங்கு வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கின்றன.

நாம் கேட்க வேண்டுவன நான்கு. முதலாவது, ஒவ்வோர் ஊருக்கும் எதிரேயுள்ள கரைக்கடலில் எவ்வலை, எந்நாள், எத்தனை படகு என்று வரையறுக்கும் உரிமையை ஊர்மன்றங்களுக்கும் அவற்றின் கூட்டவைகளுக்கும் சட்டமன்றம் சட்டத்தால் வழங்க வேண்டும். இரண்டாவது, அவ்வுரிமையைப் பெறும் மன்றத்தில் பெண்களுக்குச் சரிபாதி இருக்கையும், அக்கடலையும் கரையையும் நம்பி வாழும் எல்லாக் குலத்தார்க்கும் இடமும் கட்டாயமாக வேண்டும். கணக்கும் தீர்ப்பும் எழுத்தில் வேண்டும். மூன்றாவது, இழுவைமடியை நாள் குறித்து நிறுத்தி, அதில் உழைக்கும் கூலியாளுக்கு முதலில், முதலாளிக்குப் பின்னர், மாற்றுத் தொழிலுக்கு வழிசெய்ய வேண்டும். நான்காவது, பாக்கு நீரிணைக்கு இருகரை மீனவரும் அமரும் நிலையான அவை ஒன்றை அமைத்து, அதன் முடிவை இரு அரசுகளும் ஏற்க வேண்டும்.

இவற்றுள் இரண்டாவதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. அடுத்த முறை உங்கள் ஊர்மன்றம் கூடும்போது, மீன்கூடை சுமக்கும் தாய்மாரை அழைத்து ஆடவர்க்கு நிகராக அமரச் செய்யுங்கள். ஊர்க்கோடியில் வாழும் ஒடுக்கப்பட்டோரையும் அழைத்து அவர்கள் சொல்லையும் கேளுங்கள். அதன்பின் சென்னைக் கோட்டையை நோக்கி நீங்கள் எழுப்பும் குரலுக்கு எவரும் மறுமொழி சொல்ல இயலாது.

பாடு என்றால் உழைப்பு. பாடு என்றால் துன்பம். பாடு என்றால் முறை. முன்னிரண்டும் நெய்தல் மக்களுக்கு வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டன. மூன்றாவதை நாமே மீட்டெடுக்க வேண்டும். கடற்பாடு காப்போம்! கரையிற் பாகுபாடு ஒழிப்போம்!